கோல்ஃப் ஷாட் டிராக்கர்: கணக்குப் பார்க்கக் கெட்டி, இலக்கு வைக்க மட்டம்

மட்டைகளின் பிடி நுனியில் திருகி வைக்கிற குட்டி சென்சார்கள், அதோடு ஒரு போன் செயலி, இரண்டும் சேர்ந்த ஷாட் டிராக்கர் செட் ஒன்றை ஒரு சீசன் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பிராண்டைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை செட்டுகள் அடிப்படையில் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன, வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாம் எப்படி ஆடுகிறோம் என்று காட்டுவதில் அருமை, அடுத்து எதைக் குறி வைக்கலாம் என்று வழி சொல்வதில் மோசம். "என் ஆட்டம் முன்னேறணும், அதுக்கு ஒரு இலக்கு வேணும்" என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள்தான் நிறைய, அதனால் அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பெட்டிக்குள் 14 சென்சார் இருக்கிறது, விதிப்படி பையில் 14 மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அந்தக் கணக்குதான். ஒவ்வொன்றையும் பிடியின் நுனியில் இருக்கிற ஓட்டையில் திருக வேண்டும், அப்புறம் செயலியில் இது டிரைவர் (தொலைவுக்கு அடிக்கிற மட்டை), இது 7 அயர்ன் (நடுத் தூரத்துக்கு), இது பட்டர் (ஓட்டையை நோக்கிப் பந்தை உருட்ட) என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டால் போதும். எடை தெரியவில்லை, ஸ்விங்கில் வித்தியாசம் எதுவும் உணரவில்லை. பட்டரில் மட்டும் கொஞ்ச நாள் கண்ணை உறுத்தியது, பழகிவிட்டது.

மைதானத்தில் என்ன நடக்கிறது என்றால், பந்தை அடித்ததும் சென்சார் எந்த மட்டை என்று சொல்கிறது, போனின் ஜிபிஎஸ் எந்த இடம் என்று குறித்துக்கொள்கிறது, அடுத்த ஷாட் அடிக்கும்போது முந்தைய ஷாட் எவ்வளவு தூரம் போனது என்பது தெரிந்துவிடுகிறது. 150 யார்டு ஷாட்டில் ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே காட்டினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. கிரீனில், அதாவது ஓட்டை இருக்கிற வழுவழுப்பான புல்தரையில், கதை வேறு. பட் என்றால் கிரீனில் பந்தை உருட்டி அடிப்பது; நாலு அடி பட்டுக்கும் எட்டு அடி பட்டுக்கும் இடையில் இருக்கிற தூரமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும், ஆனால் ஆட்டத்தில் அந்த இரண்டும் இரண்டு உலகம். அதனால் முதல் பட்டின் தூரத்தைக் காலால் அளந்து நாமே போட வேண்டியிருக்கிறது. ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்ட பந்தைச் சும்மா தட்டிப் போடுவோம் இல்லையா, அதை இது அடிக்கடி தவற விட்டுவிடும். வேகமாகப் புல்லைத் தொட்டு அடிக்கிற பயிற்சி ஸ்விங்கை ஷாட் என்று சேர்த்துக்கொள்ளும். பந்து தண்ணீருக்குள் போனது சென்சாருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பெனால்டியை, அதாவது தண்டனையாகக் கூடுகிற எண்ணிக்கையை, கையால்தான் சேர்க்க வேண்டும்.

இந்தத் திருத்தும் வேலை சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் செட்டின் மொத்தப் பயனும் இதில்தான் தொங்குகிறது. ரவுண்ட் முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்து 18 ஹோலையும் ஞாபகப்படுத்தித் திருத்துவது என்பது நடக்காத காரியம், ஏழாவது ஹோலில் மூன்று பட்டா இரண்டா என்று யாருக்கு நினைவிருக்கும். அடுத்த டீக்கு (அடுத்த ஹோலைத் தொடங்குகிற இடத்துக்கு) நடந்து போகிற நேரத்தில் ஒவ்வொரு ஹோலையும் முடித்துவிட்டால் ஒழுங்காக இருக்கிறது. செயலியும் அதற்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது, இரண்டு தட்டலில் வேலை முடிகிறது. பெனால்டியைப் போட மறந்தால் மட்டும் அது கேட்பதே இல்லை. 10 நிமிடம் புதருக்குள் பந்து தேடிவிட்டு வந்தவனைப் பார்த்து "அருமையான ஹோல்" என்று பச்சை நிறம் காட்டும். (அதைப் பற்றியும் ஒரு வார்த்தை: விதிப்படி தேட 3 நிமிடம்தான், 2019-க்கு முன் 5 நிமிடமாக இருந்தது. 10 நிமிடம் தேடுகிறவர்களோடு ஆடி எனக்குப் பழக்கம், அதனால் எழுதிவிட்டேன்.)

சரி, நல்ல பக்கம். மட்டை வாரியாகத் தூரம் காட்டுகிற திரை ஒன்று இருக்கிறது, காசு அதற்கே போதும் என்பேன். கோல்ஃப் ஆடுகிற யாரிடமாவது உங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேளுங்கள். 150 என்பார்கள். அது என்றைக்கோ மட்டையின் நடுவில் பட்டு, பின்காற்றும் இருந்து, கீழ்நோக்கி இருந்த ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல் பாதையில்) உருண்டு போன ஒரு ஷாட். செயலி காட்டுவது எல்லா ஷாட்டையும் வரிசைப்படுத்தி, அதில் நடுவில் இருப்பதை. தப்பாகப் பட்டதும் அதில் உண்டு, நன்றாகப் பட்டதும் உண்டு. அந்த எண் 137 என்று வந்து நிற்கும்போது கிரீனுக்கு முன்னால் இருக்கிற பங்கரில் (மணல் குழியில்) ஏன் எப்போதும் நம் பந்து மட்டும் போய் விழுகிறது என்ற பல வருட மர்மம் ஒரு நொடியில் தீர்ந்துவிடுகிறது. ஸ்விங்கில் ஒரு மாற்றமும் வேண்டாம், ஒரு படி அதிக தூரம் போகிற மட்டையை எடுத்தால் போதும். எட்டக்கூடிய முதல் இலக்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அடுத்த சில ரவுண்டுகளுக்கு கிரீனை நோக்கிய ஷாட் எல்லாவற்றிலும் நடுத் தூரத்தை நம்பி மட்டையைத் தேர்ந்தெடுப்பது, அவ்வளவுதான். ஸ்கோரைப் பார்க்கவே வேண்டாம். செய்தோமா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நல்ல திரை ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட், அதாவது ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை ஸ்ட்ரோக்கை (பந்தை ஒரு தடவை அடிப்பது ஒரு ஸ்ட்ரோக்) மிச்சப்படுத்தியது என்கிற கணக்கு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வளர்த்தெடுத்த முறை, பட்டிங்குக்கு மட்டும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் இதை எடுத்துக்கொண்டது, இப்போது இந்தச் செயலிகளின் முதுகெலும்பே இதுதான். கணக்கு லேசானது. டூர் ஆட்டக்காரர்கள் 8 அடியிலிருந்து சராசரியாக ஒன்றரை ஸ்ட்ரோக்கில் முடிக்கிறார்கள். நீங்கள் ஒரே பட்டில் போட்டால் அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டில் போட்டால் அரை நஷ்டம். இதே மாதிரி டீயிலிருந்து, ஃபேர்வேயிலிருந்து, மணலிலிருந்து என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எதிர்பார்ப்பு எண் இருக்கிறது. "இன்னைக்கு 33 பட் போச்சு, பட்டிங் சரியில்லை" என்று புலம்புகிறவருக்கு இது புரிய வைக்கிற விஷயம், கிரீனுக்கு அடிக்கிற ஷாட் எல்லாம் ஓட்டையிலிருந்து 40 அடி தள்ளி நின்றால் 33 பட் ஒன்றும் கேவலம் இல்லை, குற்றவாளி பட்டர் இல்லை, அயர்ன்.

இந்த முறையிலிருந்து வெளிவந்த எண்களைப் பார்த்தாலே பாதி ஏக்கம் தணியும். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் 8 அடியில் பாதியைத் தவற விடுகிறார்கள். 10 அடியில் நூற்றுக்கு 40 அளவில்தான் உள்ளே போகிறது. 20 அடி என்றால் 15. தொலைக்காட்சியில் எல்லாமே உள்ளே போவது மாதிரித் தோன்றக் காரணம், உள்ளே போகிறவர்களைத்தான் காட்டுகிறார்கள். 100 யார்டில் ஃபேர்வேயில் பந்து கிடந்தால் டூர் சராசரி 2.8 ஸ்ட்ரோக், அதாவது அவர்களே பெரும்பாலான சமயம் மூன்றில்தான் முடிக்கிறார்கள். நாம் 100 யார்டிலிருந்து நான்கில் முடித்துவிட்டு வெட்ஜை (குறுந்தூர மட்டையை) பைக்குள் குத்துகிறோம்.

இதில் ஒரு அமைப்புக் கோளாறு. யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வாங்கி வந்ததும் இயல்பாக இருப்பது ஸ்கிராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் (ஒருவருடைய ஆட்டத் தரத்தைச் சொல்கிற எண், குறைந்தால் நல்லது) பூஜ்யம். 22 ஹேண்டிகேப்காரர் ஒருவருக்கு அப்படி ஒப்பிட்டால் எல்லாக் கட்டமும் சிவப்புதான். எல்லாமே சிவப்பு என்றால் எதைத் திருத்துவது? ஒப்பீட்டைத் தன்னுடைய நிலைக்குக் கொஞ்சம் மேலே, நான்கைந்து ஸ்ட்ரோக் நல்ல ஆட்டக்காரரோடு வைத்துக்கொண்டால் படம் உடனே தெளிவாகிறது: இரண்டு கட்டம் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று அடர் சிவப்பு. அந்த அடர் சிவப்புதான் வேலை செய்ய வேண்டிய இடம். இந்த மாற்றத்தைச் செய்யச் சொல்லி செயலி எங்கேயும் சொல்வதில்லை, அமைப்புகளுக்குள் புகுந்து தேட வேண்டும்.

இப்போது இலக்குப் பக்கம். இதற்குத்தான் விளம்பரத்தில் பாதி இடம்.

திறந்ததும் இரண்டு கேள்வி கேட்கிறது: எந்த ஹேண்டிகேப் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். பதில் போட்டதும் இன்றிலிருந்து அந்தத் தேதிவரை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு நேர்க்கோடு. வாரம் ஒருமுறை செய்தி வரும், கோட்டைவிட முன்னே இருந்தால் கைதட்டல், பின்னே இருந்தால் "நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்". அவ்வளவுதான் மொத்தச் சமாசாரமும். உயரம் கேட்கிறது, வயது கேட்கிறது, எந்தக் கை என்று கேட்கிறது, ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. மாதம் இரண்டு ரவுண்ட் ஆடுகிற, பயிற்சித் தளத்துக்கே போகாத ஆளும், தினமும் மாலையில் ஒரு கூடைப் பந்து அடிக்கிற ஆளும் 20-லிருந்து 14 என்று போட்டால் இருவருக்கும் அதே கோடு. இப்படி ஒரு இலக்கை எட்டக்கூடியது என்று எப்படி நம்புவது?

அதைவிடப் பெரிய தொல்லை, ஹேண்டிகேப் என்கிற எண்ணே மாதாமாதம் துரத்துவதற்கு ஏற்ற எண் இல்லை. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அதாவது அது நம் சராசரி ஆட்டம் இல்லை, நன்றாக ஆடினால் எங்கே வருவோம் என்பதற்கான அளவு. அந்த அளவுக்கு ஒருவர் ஆடுவது நாலைந்து ரவுண்டுக்கு ஒருமுறைதான், மற்ற நாள்களில் அதற்கு மேலே இரண்டு, மூன்று, ஐந்து என்று போகும், அது இயல்பு. இது தெரியாமல் "என் ஹேண்டிகேப்புக்கே ஆட முடியலையே" என்று வருந்துகிற ஆள்கள் எக்கச்சக்கம்.

இன்னொரு வேடிக்கை. புது ரவுண்ட் ஒன்று சேரும்போது 20-இல் பழையது ஒன்று கழன்று விழும். கழன்று விழுவது உங்களுடைய நல்ல ரவுண்டாக இருந்து, அதன் கணக்கு (மைதானத்தின் கடினத்தையும் சேர்த்துப் போட்ட எண், குறைந்தால் நல்லது) 15.0 என்று வைத்துக்கொள்வோம், அதன் இடத்துக்கு ஒன்பதாவதாகக் காத்திருந்த 19.0 ஏறி வரும். வித்தியாசம் 4, அதை எட்டால் வகுத்தால் அரை. ஆக இன்றைக்குச் சுமாராக, தப்பில்லாமல் ஆடிவிட்டு வருகிறீர்கள், இண்டெக்ஸ், அதாவது ஹேண்டிகேப் எண், அரைப் புள்ளி ஏறியிருக்கிறது, செயலி "பின்தங்கியிருக்கிறீர்கள்" என்கிறது. இன்று நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நாலு மாதத்துக்கு முன் நன்றாக ஆடியதற்குக் கிடைத்த தண்டனை. விளக்கம் ஒரு வரி போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சிவப்பு அம்புக்குறி மட்டும்.

சரி, ஹேண்டிகேப் வேண்டாம், "90 ஸ்ட்ரோக்குக்குள் ஆட வேண்டும்" என்று வைக்கலாமே என்றால், அந்த வசதியும் இருக்கிறது, அதிலும் அதே ஓட்டை. எந்த மைதானத்தில் 90? கோர்ஸ் ரேட்டிங் 71.0, ஸ்லோப் 125 (இரண்டும் மைதானம் எவ்வளவு கடினம் என்று சொல்கிற எண்கள்) இருக்கிற இடத்தில் 95 அடித்தால் கணக்கு 21.7 வருகிறது. ரேட்டிங் 68.5, ஸ்லோப் 110 இருக்கிற இடத்தில் 92 அடித்தால் 24.1. மூன்று ஸ்ட்ரோக் அதிகம் அடித்த ரவுண்ட்தான் உண்மையில் நல்ல ரவுண்ட். செயலிக்கு இந்த எண்கள் எல்லாம் தெரியும், ஹேண்டிகேப் கணக்குப் போடும்போது பயன்படுத்தவும் செய்கிறது, இலக்குப் பக்கத்தில் மட்டும் மொத்த ஸ்கோரை அப்படியே எடுத்துக்கொண்டு முகம் சுளிக்கிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு அறை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத கதை.

புதிதாக ஆடத் தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசம். முதல் ஒன்றிரண்டு வருடங்களில் இண்டெக்ஸ் சரசரவென இறங்கும், ஏனென்றால் பந்தை மேலே எழுப்பக் கற்றுக்கொண்டாலே பத்து ஸ்ட்ரோக் குறையும். 54-தான் உச்ச வரம்பு, அங்கிருந்து 36-க்கு வருவது ஒரு வகை வேலை, 18-லிருந்து 12-க்கு வருவது முற்றிலும் வேறு வகை வேலை. செயலி அந்த ஆரம்ப வேகத்தை எடுத்து அப்படியே நீட்டிவிடுகிறது. என்னோடு ஆடுகிற ஒரு தம்பிக்கு இன்னும் பதினாறு மாதத்தில் ஒற்றை இலக்க ஹேண்டிகேப் என்று காட்டியது, அவன் அதை நம்பிப் புது அயர்ன் செட் வாங்கிவிட்டான்.

இந்தச் செயலியைச் செய்தவர்கள் எங்கிருந்து யோசனை எடுத்தார்கள் என்று ஊகிக்க முடிகிறது. எட்வின் லாக், கேரி லாத்தம் இருவரும் இலக்கு பற்றிச் செய்த ஆய்வுகள் பிரபலம்: "முடிந்ததைச் செய்" என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு அதிக பலன் தரும். அதுவரை படித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள் போல. 1989-இல் கான்ஃபர், ஆக்கர்மன் என்ற இரண்டு பேர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையைப் போலியாக அமைத்துப் பயிற்சி பெறுகிறவர்களை வைத்துப் பார்த்தார்கள், சிக்கலான வேலையைக் கற்கிற ஆரம்பக் கட்டத்திலேயே கடினமான எண் இலக்கைக் கொடுத்தால் அது கற்றலைக் கெடுக்கிறது என்று கண்டார்கள், கவனம் வேலையை விட்டு எண்ணுக்குப் போய்விடுகிறது. கோல்ஃபிலேயே உண்டு: 1997-இல் கிங்ஸ்டன், ஹார்டி இருவரும் கிளப் ஆட்டக்காரர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்கோர் சார்ந்த இலக்கும் இன்னொரு குழுவுக்குச் செய்முறை சார்ந்த இலக்கும் வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு குழுவும் முன்னேறியது, ஆனால் செய்முறைக் குழு முதலில் முன்னேறியது, பதற்றத்தைக் கையாள்வதிலும் கவனத்திலும் அவர்களுக்குப் பலன் கிடைத்தது. கற்றுக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு எது வேண்டும் என்பது இத்தனை வருடமாக எழுதியே கிடக்கிறது, செயலிக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே நான் இலக்குப் பக்கத்தை மூடிவிட்டு, புள்ளிவிவரப் பக்கத்திலிருந்து கையால் இலக்கு எடுத்தேன். அது எப்படி என்று சொல்கிறேன், இந்த செட்டிலிருந்து உருப்படியாக எதையாவது பெற வேண்டும் என்றால் இதுதான் வழி என்று நினைக்கிறேன்.

முதலில் பெனால்டி. டீ ஷாட்டில் தண்ணீர், எல்லைக்கு வெளியே, தொலைந்துபோன பந்து, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு தின்கிறது என்று திருத்தி வைத்த தகவலைப் பார்த்தேன். நடு ஹேண்டிகேப் ஆட்டக்காரருக்கு அது பெரும்பாலும் பட்டிங்கில் சேமிக்கக்கூடியதைவிட அதிகமாகத்தான் இருக்கும். எல்லைக்கு வெளியே போனால் ஒரு ஸ்ட்ரோக்கும் போச்சு, தூரமும் போச்சு. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் இருக்கிற ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியே இருந்து அடிக்கிற ஷாட்களில் வருகிறது என்று பிராடி கண்டதும் இதோடு சேர்ந்து போகிறது. "டிரைவ் அழகுக்கு, பட் காசுக்கு" என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், எண்கள் அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஸ்லைஸை (பந்து வலது பக்கம் வளைந்து போவதை) சரிசெய்வது என்பது பல மாத வேலை, ஆசிரியர் வேண்டும். ஆனால் வலது பக்கம் தண்ணீர் இருக்கிற ஹோல்களில் டிரைவரை எடுக்காமல் இருப்பது இன்றைக்கே செய்யக்கூடியது. இலக்கு அதுவாகத்தான் இருந்தது: குறிப்பிட்ட ஹோல்களில் ஹைபிரிட் (டிரைவரைவிடக் குட்டையான, கட்டுப்படுத்த எளிதான மட்டை), விவாதம் கிடையாது.

அடுத்து மூன்று பட். இங்கே "மூன்று பட்டே கூடாது" என்று வைத்தால் அது ஆசை. 30 அடிக்கு மேலே இருந்து அடிக்கிற முதல் பட் ஓட்டைக்கு 3 அடிக்குள் நிற்க வேண்டும் என்று வைத்தால் அதைப் பயிற்சிக் கிரீனில் எண்ணிப் பார்க்கலாம், பத்தில் எத்தனை என்று. 3 அடி ஏன் என்றால், டூரில் அங்கிருந்து நூற்றுக்கு 96 போகிறது, நமக்கு அவ்வளவு போகாது என்றாலும் பெரும்பாலும் போய்விடும். அளவை எப்படி முடிவு செய்வது? இப்போது பத்தில் நான்கு என்றால் ஆறு, எட்டு கிடையாது. நல்ல நாள்களில் ஏற்கெனவே எட்டிய அளவை வழக்கமான அளவாக்குவதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு, அதற்கு மேல் போனால் வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறவனுக்கு அது கனவுக் கணக்கு.

மூன்றாவதாக பங்கர் பற்றி ஒன்று வைக்கச் சொல்லி செயலி விடாமல் நச்சரித்தது, "உங்கள் மிகப்பெரிய பலவீனம் மணல்" என்று. விட்டுவிட்டேன். ஒரு ரவுண்டில் டீயில் டிரைவர் மாதிரி நீள மட்டையை எடுக்கிற ஹோல்கள் 14 வாக்கில் இருக்கும், பட் 30-க்கு மேல் இருக்கும், பங்கர் ஷாட் ஒன்றோ இரண்டோ. கையளவு ஷாட்டை வைத்துக்கொண்டு பலவீனம் என்று முத்திரை குத்துவது அபத்தம். ஒரு ஷாட் பங்கரிலேயே நின்றுவிட்டால் சராசரி தலைகீழாகிவிடுகிறது. எத்தனை ஷாட்டை வைத்து இந்த முடிவு என்று பக்கத்தில் சின்னதாக ஒரு எண் போட்டிருக்கலாம். போடவில்லை.

இன்னொரு விஷயம், ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருக்கிற காலத்தில் இந்தச் செயலியை வைத்துக்கொண்டு சமாளிப்பது கஷ்டம். ஆசிரியர் பிடியை மாற்றிக் கொடுத்தால் கொஞ்ச நாளைக்கு ஸ்கோர் ஏறத்தான் செய்யும், எல்லோருக்கும் தெரியும், ஆனால் வாராவாரம் சிவப்பு அம்புக்குறி வந்து விழுந்தால் பழைய பிடிக்கே திரும்பிவிடத் தோன்றும். "இது கற்றுக்கொள்கிற காலம், ஸ்கோரை எண்ணாதே" என்று ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இப்போதைக்கு அந்த ரவுண்டுகளைத் தனியாக இன்னொரு பையில், அதாவது செயலியில் புதிய மட்டை செட் என்று பதிந்து ஒதுக்கி வைக்கிறேன், சுற்றிவளைத்த வழிதான், ஆனால் வேலை செய்கிறது.

போட்டியில் ஆடுகிறவர்கள் கவனிக்க. தூரம் பார்க்கிற கருவி 2019 விதிகளிலிருந்து பொதுவாக அனுமதி, உள்ளூர் விதி போட்டுத் தடுத்திருந்தால் ஒழிய. ஆனால் மேடு பள்ளத்தைக் கணக்கில் எடுத்துச் சொல்கிற தூரமும், பந்து இருக்கிற இடத்தைப் பார்த்து இந்த மட்டையை எடு என்கிற பரிந்துரையும் விதி 4.3-க்கு எதிரானவை. முதல் தடவைக்குப் பொதுப் பெனால்டி, அதாவது ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணி ஆடுகிற ஆட்டத்தில்) இரண்டு ஸ்ட்ரோக், மறுபடி செய்தால் ஆட்டத்திலிருந்தே வெளியே. செயலியில் போட்டி நிலை என்று ஒன்று இருக்கிறது, இரண்டையும் அணைத்துவிடுகிறது. ரவுண்டைத் தொடங்கும் முன்னால் அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. போனின் பேட்டரி ஒரு ரவுண்டில் பாதிக்கு மேல் போகிறது, முழுதாகச் சார்ஜ் போட்டுவிட்டுப் போங்கள். சென்சார் பேட்டரி பிரச்சினை செய்யவில்லை. நண்பர்களோடு ஒப்பிடுகிற தரவரிசைப் பட்டியல் ஒன்று இருக்கிறது, கலகலப்பாக இருக்கும் என்று போட்டிருக்கிறார்கள், வேறொருவன் ஹேண்டிகேப்பைப் பார்த்து நம் இலக்கை வைப்பதைவிட வீண் வேலை எதுவும் இல்லை, அவன் நேரம் வேறு, உடம்பு வேறு, சின்ன வயதில் கிரிக்கெட் ஆடியிருப்பான். வருடச் சந்தா இரண்டு நிலையில் வருகிறது. கீழ் நிலையில் மட்டைத் தூரமும் அடிப்படைக் கணக்கும் கிடைக்கும். மேல் நிலையில் ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட், இலக்குப் பக்கம், மட்டைப் பரிந்துரை எல்லாம்.

யார் வாங்கலாம்? மாதம் மூன்று நான்கு ரவுண்டாவது ஆடுகிறவர், ஹோலுக்கு ஹோல் திருத்துகிற பொறுமை உள்ளவர், 10-லிருந்து 25 ஹேண்டிகேப்புக்குள் எங்கோ சிக்கிக்கொண்டு ஏன் என்று தெரியாமல் இருக்கிறவர், இவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகாதவருக்கு வேண்டாம், அந்தக் காசில் நாலு வகுப்புக்குப் போகலாம். வருடத்துக்கு ஐந்தாறு தடவை ஆடுகிறவருக்கு ஸ்கோர்கார்டும் பென்சிலும் போதும்: பெனால்டி எத்தனை, மூன்று பட் எத்தனை, கிரீனை எட்டாமல் போன ஷாட் எத்தனை என்று ஓரத்தில் மூன்று கோடு போட்டுக்கொண்டு வந்தாலே இந்தச் செயலி சொல்வதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மட்டை வாரியான தூரம்தான் கிடைக்காது.

நான் மேல் நிலைச் சந்தாவை இன்னொரு வருடம் புதுப்பித்திருக்கிறேன், ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் திரைக்காக மட்டும். இலக்குச் செய்திகளை அணைத்தாகிவிட்டது. அதற்கான பொத்தான் "அறிவிப்புகள்" என்பதில் இல்லை, "என் பயணம்" என்ற தலைப்புக்குள் போய், உங்கள் படத்தைத் தட்டி, கடைசிவரை கீழே நகர்த்தினால் வருகிறது. அணைத்தால் "நிச்சயமாகவா?" என்று இரண்டு தடவை கேட்கும். ஆமாம் என்று இரண்டு தடவையும் சொல்லுங்கள்.